பிரிக்பீல்ட்ஸில் ஒரு சனிக்கிழமை

பயணக் கட்டுரை என்றதும் காசி, ராமேசுவரம், லண்டன் என்று எண்ணிவிடாதீர்கள். நான் போனது கிள்ளான் நிலையத்தில் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை மேசை வரைக்கும்தான். ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நீங்களும் பலமுறை போன வழிதான். ஆனாலும் அந்த ஒரு நாள் என்னைப் படுத்திய பாட்டை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் யார் கூப்பிட்டு நான் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டில் கப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பள்ளியில் நான் ஆசிரியனாக இருந்தேன். பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கி ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஐந்தாம் வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேசமாட்டாள்; பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும். அவளுக்கு இப்போது முப்பது வயது. போர்ட் கிள்ளானில் சரக்குக் கப்பல் ஏற்பாடுகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை. வேலையை விடாமலேயே செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறையில் முதுகலைப் பட்டத்துக்குப் படிக்கிறாள். அவள்தான் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், என் ஆய்வுக்காக உங்களை ஒரு பேட்டி எடுக்கணும். சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வர முடியுமா? அங்கதான் எங்க குழு கூடும். கிள்ளான்ல இருந்து ஒன்னாவே போயிடலாம்."

பேட்டி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டப் பள்ளி ஆசிரியனின் சேவையைப் பற்றிக் கேட்கப்போகிறாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டேன். "மாப்பிள்ளை கிளம்பியாச்சா?" என்று என் துணைவியார் கேட்டதையும் பொருட்படுத்தவில்லை.

காலை ஏழு மணிக்குக் கிள்ளான் தெங்கு கிளானா சாலை எப்படி இருக்கும் என்பதை விடிகாலையில் வந்தவர்கள்தான் அறிவார்கள். துணிக்கடைகளின் இரும்புக் கதவுகள் பாதிதான் திறந்திருந்தன. பூக்கடைக்காரர் ஈரச் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். முறுக்குப் பிழியும் எண்ணெய் காய்கிற வாசனை தெருமுனை வரை வந்தது. ஒரு காலத்தில் சம்பள ஞாயிறு என்றால் சுற்று வட்டாரத் தோட்டம் அத்தனையும் இந்தத் தெருவில்தான் நிற்கும். நகை அடகு வைப்பதும் இங்கே, மீட்பதும் இங்கே. பெண்ணுக்குக் கூறைப்புடவை எடுப்பதும் இங்கே. ஊர்ச் செய்தி பரிமாறுவதும் இங்கேதான். எந்தத் தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போடுகிறார்கள், எந்தத் தோட்டம் விலைக்கு வருகிறது என்பதெல்லாம் பலகாரக் கடை பெஞ்சில் தெரிந்துவிடும்.

அவள் நிலையத்தில் காத்திருந்தாள். தோளில் பை, கையில் சோற்றுப் பொட்டலம். ரயில் வந்ததும் பழக்கத்தில் ரோஜா நிற அடையாளமிட்ட பெண்கள் பெட்டிப் பக்கம் நடந்தவள், என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். 2010 முதல் கொமுட்டரில் பெண்களுக்குத் தனிப்பெட்டி உண்டல்லவா? முழுக்கைச் சட்டை போட்டிருந்தாலும் எனக்கு அதில் இடமில்லை. பொதுப்பெட்டியில் ஏறிக்கொண்டோம்.

"இதுதான் சார் என் படிப்பறை" என்றாள். உண்மைதான். மாலை ஐந்தரைக்கு அலுவலகம் விட்டு, பல்கலைக்கழகம் போய், வீடு திரும்பும்போது நள்ளிரவு நெருங்கிவிடுமாம். வீட்டில் படுத்த படுக்கையாகப் பாட்டி. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே சரியாக இருக்கிறது. ஆகவே புத்தகம் திறப்பது ரயிலில்தான். ஆய்வின் ஒரு இயலைத் தொலைபேசியிலேயே விரலால் தட்டித் தட்டி எழுதினாளாம். பகுதிநேர மாணவி என்பதால் மற்றவர்கள் விரைவாக முடிப்பதை இவள் மூன்றாவது ஆண்டாக இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

"பணத்துக்கு என்னம்மா செய்தாய்?" என்று கேட்டேன். தோட்டத்து வாத்தியார் கேட்கவேண்டிய கேள்வி அதுதானே? ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தாளாம். படிப்புக் கட்டணத்துக்காகச் சேமநிதியின் ஒரு பகுதியை எடுக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, செஜாத்தெரா என்னும் கணக்கிலிருந்து இதற்கு எடுக்கிறார்கள். தனக்கு மட்டுமல்ல, பிள்ளைகளின் உயர்கல்விக்கும் எடுக்கலாம். இதை வாசிக்கும் பெற்றோர் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போய்க்கொண்டிருந்த ரயில் பாதைக்கும் நமக்கும் பழைய உறவு. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரைதான் பாதை வந்தது. கிள்ளான் ஆற்றுக்குப் பாலம் போட்டு ஊருக்குள் ரயில் நுழைந்தது 1890-இல். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தார்கள். அதைத்தான் 1972 முதல் போர்ட் கிள்ளான் என்கிறோம். ரஜூலா கப்பலில் வந்து அங்கே இறங்கிய நம் பாட்டன்மார் எத்தனை பேர்! என் தாத்தாவும் அதில் ஒருவர். எந்தத் தோட்டத்துக்குப் போகிறோம் என்பது இறங்கி, லாரியில் ஏறிய பிறகுதான் தெரிந்ததாம். யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

இதைச் சொன்னபோது அவள் உடனே குறிப்பேட்டை எடுத்தாள். "இதுதான் சார் என் தலைப்பே. தோட்டத்துக்குள்ள ஒரு செய்தி எப்படி வருது, யார் கொண்டு வர்றாங்க, வழியில என்ன ஆகுது."

அவளுடைய ஆய்வின் வரலாற்று இயல் 1941-இல் தொடங்குகிறதாம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த அந்தப் பெரிய வேலைநிறுத்தத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர். அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் கேட்டது என்ன? கூலி உயர்வு மட்டுமா? கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும் என்றார்கள். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். உறவினர்களும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றார்கள்.

கடைசி இரண்டையும் நான் இதுவரை மரியாதை பற்றிய கோரிக்கை என்றே வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். "மரியாதைதான் சார். ஆனா தொடர்பும்தான். சைக்கிள்ல போறவன்தானே அடுத்த தோட்டத்துச் சேதி கொண்டாருவான்? சொந்தக்காரன் வந்தாத்தானே வெளியுலகம் உள்ள வரும்?" என்றாள். இருபத்தெட்டு ஆண்டு ஆசிரியப் பணியில் எனக்குத் தோன்றாத ஒன்று.

வேளாண்மைக்குப் பேர்போன பல்கலைக்கழகத்தில் தொடர்பியலுக்கு என்ன வேலை என்று கேட்டேன். செர்டாங்கில் 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது, 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997-இல்தான் புத்ரா என்று பெயர் மாறியது. அவள் ஒரு கதை சொன்னாள். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒரு குடியானவர். வீரிய ஒட்டுச்சோள விதை வந்தபோது, அக்கம்பக்கத்தார் வாங்கியும் அவர் வாங்கவில்லை. 1936-இல் கடும் வறட்சி. அண்டை வீட்டாரின் ஒட்டுச்சோளம் நின்றது. அவருடைய பயிர் வாடிச் சாய்ந்தது. அவருடைய மகன் எவரெட் ரோஜர்ஸ். நல்ல விஷயம் கண்ணெதிரே இருந்தும் மனிதர் ஏன் ஏற்பதில்லை, யார் சொன்னால் ஏற்கிறார்கள் என்பதையே வாழ்நாள் படிப்பாக்கி, 1962-இல் அவர் எழுதிய நூல் இன்றும் இந்தத் துறைக்குப் பாடநூல். விதை கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதைக் குடியானவன் காதில் போடுவது இன்னொரு வேலை. விவசாயப் பள்ளியில் தொடர்பியல் முளைப்பதில் வியப்பில்லை என்று அப்போது விளங்கியது.

ரயில் பந்தாய் டாலாமைத் தாண்டி அங்காசாபுரியில் நின்றது. வானொலி நிலையத்தின் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம்! அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் எங்கள் லயத்து வீட்டின் வானொலிப் பெட்டி நினைவுக்கு வந்தது. மின்னல் எப்.எம். என்று இப்போது நாம் கேட்பது, முன்பு ரேடியோ 6 என்றிருந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு பலகை. செய்தி நேரத்தில் பிள்ளைகள் மூச்சு விடக்கூடாது. செய்தி முடிந்ததும் அப்பா வாசலுக்கு வந்து, கேட்ட செய்தியை நாலு பேருக்குத் தம் கருத்தையும் கலந்து சொல்வார். அவர்கள் வீட்டிலும் வானொலி இருந்தது. கேட்டும் இருந்தார்கள். ஆனாலும் அப்பா சொன்னால்தான் செய்தி.

கே.எல். சென்ட்ரலில் இறங்கினோம். 2001-இல் திறந்த இந்தப் பெரிய நிலையம் நிற்பது பழைய ரயில்வே நிலத்தில். ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் ரயில்வே ஊழியர் குடியிருப்புகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமாரும், தமிழகத்திலிருந்து வந்த பாட்டாளிகளும் அடுத்தடுத்து வாழ்ந்த இடம். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், இனி அத்தாப்புக் குடிசை வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று உத்தரவாயிற்று. அதற்குச் செங்கல் அறுத்த காளவாய்கள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்.

வெளியே வந்தால் துன் சம்பந்தன் சாலை. 2010-இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியா என்று திறந்து வைத்த பிறகு தெருவுக்கு வண்ணமும் வளைவும் கூடியிருக்கின்றன. எனக்கு அந்த வர்ணங்களைவிடச் சாலையின் பெயர்தான் பிடிக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று விளக்கினார். எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் கூட்டுறவு, பங்கு என்றெல்லாம் விளங்கவைத்துப் பணம் போட வைப்பது லேசான வேலையா? இதற்கும் ஒரு ஆய்வேடு எழுதலாம்.

நடைபாதையில் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்கள் பதித்திருக்கிறார்கள். பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால், வெள்ளைக் கோல் தட்டிச் செல்பவர்களை எந்நேரமும் காணலாம். எங்களுக்கு முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். பூக்கடைக்காரப் பெண்மணி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அண்ணே, வண்டி நிக்குது, கொஞ்சம் இடது பக்கம்!" என்று குரல் கொடுத்தார். அவரும் நிற்காமல், தயங்காமல் இடது பக்கம் ஒதுங்கிப் போனார்.

விவேகானந்தா ஆசிரமத்தைத் தாண்டிச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். அவளுடைய குழுவினர் இருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மருத்துவமனைத் தாதி, மலாய்ப் பெண். மற்றவர் வங்கியில் பணிபுரியும் சீன இளைஞர். தோசையை நம்மைவிட அழகாகப் பிட்டுச் சாப்பிட்டார். மூவரும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். அவர்கள் ஒரு மேசையில் தங்கள் வேலையைப் பார்க்க, நாங்கள் இருவரும் ஓரத்து மேசைக்குப் போனோம்.

முதலில் ஒரு தாளை நீட்டினாள். ஒப்புதல் படிவம். பேனாவை எடுத்தேன்.

"சார், படிச்சிட்டுப் போடுங்க."

"நீ கொண்டுவந்த காகிதத்தில் என்னம்மா இருக்கப்போகிறது?"

"இல்ல சார். முழுக்கப் படிங்க. ரெண்டாவது பக்கமும்."

அவள் குரலில் ஏதோ இருந்தது. படித்தேன். என் பெயர் வெளியே வராது; விரும்பாத கேள்விக்கு விடை சொல்லவேண்டியதில்லை; எந்த நேரமும் எழுந்து போய்விடலாம். கையெழுத்துப் போட்டேன். அவள் ஒலிப்பதிவைத் தொடக்கிவிட்டுக் கேட்டாள்:

"2006-ல எங்க தோட்டத்து ஆபீஸ் பலகையில ஒட்டின நோட்டீஸை நீங்கதான் கோயில்ல படிச்சுச் சொன்னீங்க. அன்னிக்கு என்ன சொன்னீங்க சார்?"

டீ ஆறிப்போகும் வரை எனக்கு வாய் வரவில்லை.

வாசகர்களே, அதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். தோட்டம் கைமாறப்போகிறது என்ற அறிவிப்பு அது. மலாய் மொழியில் இரண்டு பக்கம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், "வாத்தியாரையா, என்னன்னு படிச்சுச் சொல்லுங்க" என்று என்னை நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். முதல் பக்கத்தில் இழப்பீட்டுக் கணக்கு. 1980-ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். உடனே எல்லாரும் தங்கள் தங்கள் கணக்கைக் கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு எத்தனை, என் வீட்டுக்காரருக்கு எத்தனை என்று கூட்டம் மொய்த்தது. நானும் கோயில் படியில் உட்கார்ந்து இரவு பதினோரு மணி வரை கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அழுத பெண்களிடம், "தீபாவளி வரைக்கும் யாரையும் அசைக்க மாட்டார்கள், பயப்படாதீர்கள்" என்று தைரியமும் சொன்னேன். அப்படி எந்த உறுதியும் அந்தத் தாளில் இல்லை. என் வாயில் வந்தது. இரண்டாம் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தேன். மாற்று வீடு வேண்டுவோர் 14 நாளுக்குள் படிவம் கொடுக்கவேண்டும் என்று அதில் ஒரு பத்தி இருந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கான ஏதோ ஒன்று என்று எண்ணி விட்டுவிட்டேன்.

ஒன்பது குடும்பங்கள் படிவம் கொடுக்கவில்லை. அவற்றில் ஒன்று இவள் குடும்பம். கிள்ளானில் நாலாம் மாடியில் ஒரு வாடகை அறைவீட்டுக்குப் போனார்கள். எனக்கு அடுத்த ஆண்டே மாற்றல் வந்துவிட்டது. நான் நல்ல பெயரோடு, மாலை போட்டுக்கொண்டு வந்தேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்து, "தவறு என்னுடையதுதான் அம்மா" என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"உங்களைக் குத்தம் சொல்றதுக்குக் கூப்பிடலை சார். எங்க அம்மா இன்னிக்கும் உங்களைப் பத்தி நல்லாத்தான் பேசுவாங்க. அதான் எனக்குப் புரியாம இருந்துச்சு." பிறகு பாடம் நடத்துபவள்போல் சொன்னாள். 1940-இல் அமெரிக்கத் தேர்தலின்போது லாசர்ஸ்ஃபெல்டு என்பவரும் கூட்டாளிகளும் ஒரு மாவட்டத்து மக்களைத் தொடர்ந்து விசாரித்தார்களாம். வானொலியும் பத்திரிகையும் நேரே மக்கள் மனத்தை மாற்றும் என்று நினைத்தவர்களுக்கு வியப்பு. செய்தி முதலில் ஊரில் மதிப்புள்ள சிலரைச் சேர்கிறது. அவர்கள் வழியாகவே மற்றவர்களைச் சேர்கிறது. இரண்டு படி.

"நம்ம தோட்டத்துல ரெண்டாவது படி நீங்கதான் சார். தண்டல் சொன்னா சந்தேகப்படுவாங்க. ஆபீஸ் சொன்னா பயப்படுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. நீங்க விட்டது அவங்களுக்கு இல்லவே இல்லை."

நம்பிக்கை குறைந்ததால் வந்த நட்டம் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். அளவுக்கு மீறி நம்பியதால் வந்த நட்டம் இது. அந்த நோட்டீஸ் தமிழிலும் இருந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்ற கோபம் எனக்கு உண்டு. ஆனால் அந்தக் கோபத்தில் என் பங்கை ஒளித்துவைக்க முடியாது.

பேட்டி ஒன்றே கால் மணி நேரம். அதன்பின் அவளே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி வைத்தாள். அம்மா கொடுத்துவிட்ட புளிச்சோறும் கருவாடும். "வாத்தியாருக்குன்னு தனியா வறுத்தாங்க" என்றாள். எனக்குத் தொண்டையில் இறங்கச் சற்று நேரமாயிற்று. சாப்பாட்டுக் கடையில் வெளிச்சோறு பிரிக்கக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. கடைக்காரர் கண்டும் காணாமல் போனார்.

"நீங்க ஏன் சார் படிக்கக்கூடாது?" என்று கிளம்பும்போது கேட்டாள். நாற்பத்தெட்டு வயதில், வெறும் சான்றிதழை வைத்துக்கொண்டா என்றேன். வழி இருக்கிறதாம். ஏப்பல் என்று ஒரு முறை. பல ஆண்டு வேலை அனுபவத்தையே தகுதியாக எடை போட்டு நுழைவு தருகிறார்கள். 21 வயது நிரம்பியவர் இளங்கலைக்கும், டிப்ளோமா அல்லது எஸ்.டி.பி.எம். போன்ற தகுதியோடு 30 வயது நிரம்பியவர் முதுகலைக்கும் முயலலாம். என்னைப் போன்றவர் இளங்கலையிலிருந்து தொடங்கவேண்டும். 2000-இல் அமைந்த மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை வேலை செய்பவர்களுக்கென்றே நடக்கின்றன. விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். இரண்டு பக்கம்.

அவர்கள் மூவரும் செர்டாங் ரயிலுக்குப் போனார்கள். நான் கிள்ளான் ரயிலில் ஏறி, அந்தத் தாளை அங்காசாபுரி தொடங்கி பாடாங் ஜாவா வரை இரண்டு முறை படித்தேன். இன்னும் முடிவு செய்யவில்லை. துணைவியார், "போங்களேன், வீட்டுல தொணதொணன்னு பாடம் நடத்துறதாவது குறையும்" என்கிறார்.

திங்கட்கிழமை பள்ளியில், தடுப்பூசி போடுவது பற்றிப் பெற்றோருக்கு ஓர் அறிவிப்பு அனுப்பவேண்டியிருந்தது. மலாயில் வந்ததைத் தமிழில் எழுதினேன். பேரனை விட வந்த பாட்டி ஒருவரை நிறுத்தி, முழுக்கப் படித்துக் காட்டி, "இப்போ நான் என்ன சொன்னேன்னு நீங்க சொல்லுங்க பாட்டி" என்றேன்.

பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "புதன்கிழமை ஊசி. காலையில பசியாறிட்டு அனுப்பணும். காய்ச்சல் இருந்தா முன்னாடியே சொல்லிடணும். கையெழுத்து வேணும். அவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு வாத்தியாரே இம்புட்டு நீளமா எழுதி வச்சிருக்கீங்க?"

அறிவிப்பைக் கிழித்துவிட்டு, பாட்டி சொன்னபடியே நாலு வரியில் எழுதினேன்.